ஆர்னால்டின் வலக்கண்ணும் பூட்டப்படாத லேசர் அறையும்

அனுப்புநர்:
யும்னா ஹுசைன்,
ஆய்வுப் பொறியாளர்,
ஃபேரர் பார்க், சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
வேலையிடப் பாதுகாப்புப் பிரிவு,
சிங்கப்பூர்.

பொருள்: லேசர் ஆய்வறையில் சக ஊழியர் பார்வை இழந்தமை, அதே அறைக்குள் மாணவர்களை அழைத்துச் செல்வதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். அதன் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். நினைத்துப் பார்க்க முடியாத அளவு குறுகிய லேசர் துடிப்புகளை மூலக்கூறுகள்மீது செலுத்தி, எந்தப் பிணைப்பு முறிய வேண்டும், எது நிலைக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவதே எங்கள் வேலை. அந்த ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

2. அறைக் கதவைத் திறந்தால் ஒளிக்கற்றை தானாக அடைபட வேண்டும். அடைபடும்போதெல்லாம் அளவீடு கெடுகிறது என்று சொல்லி, மேலாளர் திரு அதீஃப் அந்த அமைப்பைத் துண்டித்துவிட்டார். எழுத்து மூலம் நான் தெரிவித்த எதிர்ப்புக்குப் பதில் இல்லை.

3. சென்ற மாதம் ஒருநாள், லிட்டில் இந்தியாவில் மதிய உணவை முடித்துக்கொண்டு நானும் சக ஆய்வாளர் திரு ஆர்னால்டும் திரும்பினோம். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே உள்ளே சென்றோம். நாங்கள் இல்லாத நேரத்தில் ஒளியின் நிறம், அதாவது அலைநீளம், மாற்றப்பட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. எங்கள் கண்ணாடிகள் பழைய நிறத்தை மட்டுமே தடுப்பவை.

4. கீழே விழுந்த திருகுச்சாவியை எடுக்கக் குனிந்த திரு ஆர்னால்ட், நிமிரும்போது மேசை விளிம்பருகே அப்படியே நின்றுவிட்டார். "டப்னு ஒரு சத்தம், யும்னா. உனக்குக் கேட்டுச்சா?" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் அவர் கண்ணுக்குள்ளேயே எழுந்தது என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். வலியே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் எனக்கு அதிக அச்சத்தைத் தந்தது.

5. விழித்திரையின் நடுவே ஏற்பட்ட தழும்பு மறையாது என்கிறார்கள். ஆங் மோ கியோவில் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். இடக்கண்ணை மூடிக்கொண்டு மனைவி பிரிஜட்டைப் பார்த்தார். தோடுகள் இரண்டும் தெரிகின்றன, முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டுமே இருக்கிறது என்றார். பிரிஜட் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

6. திரு அதீஃப் என்னைத் தனியே அழைத்தார். "ஆர்னால்ட் கண்ணாடி போடலன்னு மட்டும் ஸ்டேட்மென்ட்ல எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன் லா," என்றார். நான் மறுத்தேன். மறுநாள் முதல் அந்த அறைக்குள் செல்ல எனக்கு அனுமதி இல்லை. என் இடத்தில் ரித்திக் என்ற புதிய ஊழியர் சேர்க்கப்பட்டுள்ளார். கண்ணாடிகளைப் பற்றி நான் எச்சரித்தபோது, "பாஸ் எல்லாம் செக் பண்ணியாச்சுன்னு சொன்னாரே அக்கா," என்று சிரித்தார்.

7. வரும் வெள்ளிக்கிழமை பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் அந்த அறையைப் பார்வையிட வருகிறார்கள். அவர்களுக்கும் அதே கண்ணாடிகள்தான். கதவமைப்பு இன்னும் துண்டிக்கப்பட்டே உள்ளது.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த அறையை மூடி முத்திரையிட ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஆய்வுக்கு வருவதை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். தெரிவித்தால் அன்று ஒருநாள் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். தாங்கள் திரும்பிச் சென்றதும் பிள்ளைகள் உள்ளே போவார்கள்.

இப்படிக்கு,
(ஒப்பம்) யும்னா ஹுசைன்

இடம்: சிங்கப்பூர்
நாள்: 11 ஆகஸ்ட் 2025