குறைத்து எழுதிய பன்னிரண்டு கிலோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லுணுகலையில் மழை விட்டதா? துபாயில் நான் நலம். போனில் பேசினால் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கும். அங்கே ஜீவராணி அக்காவின் அம்மா இருப்பார். அதனால்தான் கடிதம்.

சுற்றிப் பார்க்க ஹெலிகொப்டரில் ஏறுகிறவர்களின் எடையைப் பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. அந்தத் தாளை நம்பித்தான் விமானி மேலே கிளம்புகிறார். போன வாரம் ஒரு குடும்பத்துக்கு எடை கூடிவிட்டது. இரண்டு தடவையாகப் பிரிந்து போக அவர்கள் சம்மதிக்கவில்லை. நான் சாப்பிடப் போன நேரத்தில், எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்து, என்னோடு வேலை செய்கிற ஜீவராணி அக்காவே நான் கையெழுத்திட்ட தாளில் பன்னிரண்டு கிலோவைக் குறைத்துவிட்டார். விமானி சந்தேகப்பட்டு மறுபடி எடை பார்த்தார். யாரும் பறக்கவில்லை, பயப்படாதீர்கள்.

நான் புதியவள், பிழையாக எழுதியிருப்பேன் என்று அக்கா மேலாளரிடம் சொன்னார். கீழே என் கையெழுத்துதானே இருந்தது. இன்னொரு பிழை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

பிறகு அக்காவிடம் கேட்டேன். "பன்னெண்டு கிலோதானேடி. நம்ம தோட்டத்துல கழிக்காத கிலோவா?" என்று சிரித்தார்.

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது ஈரம் என்று உங்கள் கிலோவைக் கழித்தார்களே, அன்று உங்களுக்காகக் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டவர் ஜீவராணி அக்காவின் அம்மாதான். அதை நினைத்து அழுதேன்.

அக்காவின் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. மிளகாய்த்தூளும் கொஞ்சம் தேயிலையும் அனுப்புங்கள். பார்சலை இனி அக்கா பெயருக்குப் போட வேண்டாம். என் பெயருக்கே போடுங்கள்.

உங்கள் மகள்,
நிரோஷினி