தாண்டாத பாலம்

மார்ச் 3

அன்புள்ள டீச்சருக்கு,

இங்கே நான் சுகம். விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்துவிட்டால் உனக்கு எப்போதும் சுகம்தான், அதனால் கேட்கவில்லை.

உங்கள் வாத்தியார் சங்கத்துச் சுற்றுலா, விடைத்தாள் திருத்தணும் என்று நீ எனக்குத் தள்ளிவிட்ட சீட், அதில் நான். பஸ் முழுக்கச் சரித்திர வாத்தியார்கள். இருபத்தாறு வயதுத் தளபதி தன் முதல் படையெடுப்பில் ஜெயித்த ஐந்து களங்களில் முதலாவதைப் பார்த்துவிட்டோம். வெறும் முட்டைக்கோஸ் வயல். "இங்கதான் ஆயிரம் பேர் விழுந்தாங்க" என்றாள் வழிகாட்டிப் பெண். எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் லாரி திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது வருஷம் ஓட்டியவனைப் பின் சீட்டில் உட்கார வைத்தது கொடுமை. டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் கால் தானாக அழுத்துகிறது.

மாடிப்படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குகிறதே, டாக்டரிடம் போனாயா? என்ன சொன்னார்?

உன் டிரைவர்

மார்ச் 5

அன்புள்ள டிரைவருக்கு,

தங்கும் விடுதிகளின் விலாசமெல்லாம் பயணத் திட்டத்தில் இருப்பதால், நீங்கள் போய்ச் சேரும்போது என் கடிதம் காத்திருக்கும்.

முதல் களத்தைப் பார்த்து, இதற்கா இவ்வளவு தூரம் என்று அலுத்துக்கொண்டிருப்பீர்கள். முப்பது வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நான் காட்டிய மண் அது. அவன் எதனால் ஜெயித்தான் தெரியுமா? ஒரு இடத்தில் உட்கார மாட்டான், உங்களைப் போல. ஆனால் மகள் பிறக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து லாரியைக் கிளப்பிக்கொண்டு போனான் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோபமில்லை, சும்மா சொன்னேன்.

மூன்றாவது களத்தில்தான் அந்தப் பாலம். குண்டு மழையில் அவன் ஓடிக் கடந்தது. எனக்காக நீங்கள் நடந்து தாண்ட வேண்டும். எத்தனை காலடி என்று எண்ணி வையுங்கள்.

உங்கள் டீச்சர்

மார்ச் 6

அன்புள்ள டீச்சருக்கு,

குத்திக் காட்டியது போதும். லோடு அவசரம், போனேன். இருபத்தெட்டு வருஷமாக இதையே சொல்லி எனக்கும் வாய் வலிக்கிறது.

டாக்டரைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

பாலத்துக்குப் போக முடியவில்லை. ஆற்றில் வெள்ளம், பாதையை அடைத்துவிட்டார்கள். பஸ் நேரே நான்காவது ஊருக்குப் போகிறது. காலடி எண்ணச் சொன்னாய், மன்னித்துக்கொள்.

வாத்தியார்கள் பஸ்ஸிலேயே குறட்டை விடுகிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டர் என்ன சொன்னார்?

உன் டிரைவர்

மார்ச் 8

அன்புள்ள டிரைவருக்கு,

பாலத்தைத் தாண்டிவிட்டீர்கள். என் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டதை என் கால் செய்யாவிட்டாலும் உங்கள் கால் செய்துவிட்டது, எனக்கு அது போதும். காலடிக் கணக்கை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

ஒருத்தி விடைத்தாளில், தளபதி பாலத்தை நீந்திக் கடந்தான் என்று எழுதியிருக்கிறாள். அரை மார்க் போட்டேன், ஆற்றையாவது நினைவு வைத்திருக்கிறாளே.

வீட்டில் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டீச்சர்

மார்ச் 10, ஆஸ்பத்திரி பெஞ்ச்

அன்புள்ள டீச்சருக்கு,

தாண்டாத பாலத்துக்குப் பாராட்டு நேற்று மதியம் கிடைத்தது. வெள்ளத்தைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை நீ படிக்கவே இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. பாடம் நடத்துவதற்கு ஒரு வாரம் முன்பே குறிப்பு எழுதி வைக்கிறவள்தானே நீ. உன் தங்கையின் ஆபீசுக்குப் போன் போட்டேன். "அக்கா சத்தியம் வாங்கிட்டா அத்தான். எல்லா லெட்டரையும் முன்னாடியே எழுதி, தேதி போட்டு என்கிட்ட குடுத்துட்டா. நாளைக்குக் காலையில இதய ஆபரேஷன்" என்று அழுதாள்.

முட்டைக்கோஸ் லாரி ஒன்றில் ஏறி வந்தேன். வருவதற்குள் உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மகள் ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள்.

ஏன் என்னை ஊர் சுற்ற அனுப்பினாய் என்று தெரியும். இன்னொரு தடவை வாசலில் லாரி கிளம்புகிற சத்தத்தைக் கேட்க உனக்குத் தெம்பில்லை. அன்று லோடு எதுவும் இல்லை, டீச்சர். காலி லாரிதான். உள்ளே நீ அலறினாய், எனக்குப் பயம் தாங்கவில்லை, ஓடிவிட்டேன்.

இன்றைக்கும் அதே பயம்தான். இரண்டு தடவை வாசல் வரை போனேன், திரும்பி வந்தேன். இந்தத் தாழ்வாரம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நாற்பத்தொரு காலடி. பாலத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்.

உன் தங்கையிடம் இன்னும் இரண்டு உறை இருக்கிறது. ஒன்று ஐந்தாவது களத்துக்கு. மற்றதில் விலாசம் இல்லை. "ஏதாவது ஆயிட்டா மட்டும் குடுக்கச் சொன்னா" என்று நீட்டினாள். நான் தொடவில்லை. அதில் என்ன எழுதியிருந்தாலும் உன் வாயால் சொல்லு, திட்டாக இருந்தாலும் சரி.

நீ கண் விழித்ததும் இந்தத் தாளைத் தரச் சொல்லி நர்ஸிடம் கொடுக்கப் போகிறேன். நான் கதவுக்கு வெளியே, இடது பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் டிரைவர்