திருட்டுப் போன பன்னீர் ரோஜா

மதியத்திலிருந்து அடுப்படியெல்லாம் பன்னீர் ரோஜா வாசனை. உன் மகள் பறித்து வைத்துவிட்டுப் போன இரண்டு பூ டம்ளரில் இருக்கிறது. இன்று அவள் என் தோட்டத்தில் திருடினாள். வழிவிட்டவள் நான்தான்.

மலைமேல் கரியாலூர் பள்ளியில் நாம் ஒன்றாக வேலை பார்த்தபோது உன் வீட்டுச் செடியில் ஒரு குச்சி கேட்டேன். "கேட்டு வாங்கினா வேர் வுடாதுடி. நான் டீ போட்டுக்கினு வரேன், நீ திருடிக்கோ" என்று உள்ளே போய்விட்டாய். திருடிய மூன்று குச்சிகள் கீழே என் வீட்டில், கள்ளக்குறிச்சி வெயிலில் கருகின. "இன்னாடி, ஒழுங்கா திருடக்கூடத் தெரியலியா?" என்று கேலி பேசினாய். நாலாவது துளிர்த்த அன்று, உன்னிடம் சொல்லப்போகிறேன் என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நீ கண்ணை மூடிய மறுவருஷம், சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை கட்டுவதற்காக உன் மகன் வாசலில் சிமெண்ட் போட்டான். செடி போயிற்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கஞ்சத்தனம் பிடித்துக்கொண்டது. மிஞ்சியது என்னிடம் இருப்பது ஒன்றுதான். போன கோடையில் அதிலும் பாதி காய்ந்துவிட்டது. யார் கேட்டாலும் சின்னக் கிளையைக்கூடத் தொடவிடவில்லை.

இன்று உன் மகள் மலையிலிருந்து வந்து, "பெரிம்மா, அம்மா செடி மறுபடி எங்க வூட்டுல இருக்கணும்" என்றாள். பச்சையாக நிற்பதே ஐந்து கிளை. வெட்டி, இதுவும் பட்டுப்போனால் உன்னுடையதென்று ஒன்றும் இருக்காது. ஆனால் உன் மகளிடம் எப்படி இல்லையென்பேன்? "இரு, காபி போட்டுக்கினு வரேன்" என்று கத்தரிக்கோலை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். காபி கலந்து ஆறிய பிறகும் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே போனபோது பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு பெரிம்மா" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

பயந்துகொண்டேதான் செடியைப் பார்த்தேன். இரண்டு கிளை போயிருந்தது. வெட்டிய முனை காயாமலிருக்க, ஈரச் சாணியை அழகாக உருட்டி வைத்திருந்தாள். என் வீட்டில் மாடு கிடையாது. எங்கள் தெருவிலேயே கிடையாது. கரியாலூரிலிருந்து கவரில் கட்டி, மலைப்பாதை முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், திருட்டுக்கழுதை!

செடியருகே உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். அழவும் செய்தேன். என்னை விட்டால் உன் செடிக்கு ஆளில்லை என்ற பயம் இனி எனக்கு இல்லை.