ஒரே பாத்தியில் இரண்டு மிளகாய்

தலவாக்கலை
14.06.2004

அன்பு மகன் பிரதாப்புக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நடமாட்டத்தில் இருக்கிறோம், அந்தக் கட்டார் நாட்டு வெயிலில் நீயும் சுகமாயிருக்க முருகன் காக்கட்டும். முக்கியமான செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். கறிமிளகாய்க்கு இந்த வருடம் கடை விதை வாங்குவதில்லை, போன வருடப் பழத்தில் எடுத்து வைத்த விதையையே போடுவது என்று மாசி மாதம் நம் வீட்டில் கூடிப் பேசித் தீர்மானித்தோம். கூடியது இரண்டு பேர். ஒருவர் எதிர்த்தார், அதை உன் அம்மா கணக்கில் எடுக்கவில்லை. உறைக்காத கறிமிளகாயும் உறைக்கிற கொச்சிக்காயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தேனீ இரண்டு பூவிலும் உட்காரும், அந்த விதையில் வருவது பார்க்கக் கறிமிளகாயாக இருந்து கொச்சிக்காயாக உறைக்கும் என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். "பாலவனத்துல இருந்துக்கிட்டு அவன் நமக்கு வெள்ளாம சொல்றானா, நம்ம தேனிக்கு வேற சோலி இல்லையா" என்றாள்.

நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள பாத்திகளை எடுத்துத் தேயிலை வைக்கப்போவதாகத் தோட்டத்துத் துரை சொன்னது உனக்குத் தெரியும். மூக்கன் பாத்தியில் போன மாதமே தேயிலைக்கு அளந்து முளைக்குச்சி அடித்துவிட்டார்கள், அடுத்தது காளியாயி பாத்தி, அதற்கடுத்தது நம்முடையது. போன வருடம் நம் கறிமிளகாய் துரைசாணிக்குப் பிடித்துப்போனதால் நம்முடையதை மட்டும் 'பார்ப்போம்' என்று விட்டிருந்தார்.

காய் வெளிர் பச்சையாக, நீளமாக, குறை சொல்ல முடியாமல் வந்தது. அம்மா ஒன்றைக் கடித்தாள், உறைக்கவில்லை, "பாத்தீங்களா" என்றாள். அந்த ஒரு காயின் சாட்சியத்தில் ஒரு கூடை பங்களாவுக்குப் போனது, கொண்டுபோனது நான். அன்று துரை மகளுக்குப் பிறந்தநாள். திரும்பும்போது கூடையில் தங்கிய ஒன்றைக் கடித்தேன், பீலியில் கொட்டும் தண்ணீரை வயிறு நிறையக் குடித்தும் அடங்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம், துரை முன்னால் நின்று தேனீயைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நின்றுவிட்டேன். பங்களாவில் சமைக்கும் சிவசாமி பொழுது சாய வந்தான். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க, பிள்ள அழுத அழுக இன்னும் நிக்கல, தொரசாணி ஏம் மொகத்தையே பாக்கல" என்றான்.

அன்றிலிருந்து அம்மா செடிக்கு ஒரு காயாகக் கடித்துப் பார்க்கிறாள். உறைக்காத செடிக்கு உன் பழைய சட்டையைக் கிழித்து அடையாளம் கட்டுகிறாள், துரையை அழைத்துவந்து காட்டப்போகிறாளாம். உதடு வீங்கியிருக்கிறது.

நீ வெயிலில் தலையை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. எல்லா நலனும் உனக்கு வந்து சேரட்டும். நல்ல விதை அனுப்புவதாக எழுதியிருந்தாய், அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு
உன் அப்பா
பழனியாண்டி

பி.கு. தபாலில் போடுமுன் எழுதுகிறேன். இன்று காலை காளியாயி பாத்தியைத் தொடாமல் தாண்டி வந்து நம் பாத்தியில் முளைக்குச்சி அடித்தார்கள்.