எங்கட பிளேனில் போகிறேன், அப்பா

என் ஆசை அப்பா,

டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் குளிர் விட்டுவிட்டது. ஊரில் சண்டையும் முடிந்துவிட்டதாம். அக்கா உயிரோடு இருக்கிறா, வவுனியா முகாமில், முட்கம்பி வேலிக்குள்ளே. உங்களிடம் இதைச் சந்தோஷமாகச் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் பயமாக இருக்கிறது.

யாரோ ஒருவரின் போனில் அக்கா கதைத்தா. "வராதை பிள்ளை. வெளிநாட்டிலயிருந்து வாறவையையும் பிடிச்சு விசாரிக்கினமாம்." அவ்வளவுதான், போன் நின்றுவிட்டது. அந்தக் குரலைக் கேட்டபிறகு எப்படிப் போகாமல் இருப்பது? லண்டன் வழியாகப் போகிறேன். அங்கிருந்து எந்த விமானம் தெரியுமா? நீங்கள் "எங்கட பிளேன்" என்பீர்களே, அந்த அரசாங்க விமானம்தான். அதில்தான் இடம் கிடைத்தது.

நாடு சுதந்திரம் அடையும் தறுவாயில், உலகப்போரில் ஓடிக் களைத்த விமானங்களை வைத்துத் தொடங்கிய கம்பெனி என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! இரத்மலானை விமானக் கொட்டகையில் நீங்கள் என்ஜின் கழுவிப் பூட்ட, காலையில் அது பலாலிக்குப் பறக்குமாம். பிறகு பெயர் மாறியது, ஜெட் வந்தது, கலவரத்தோடு நீங்கள் வேலையையும் வீட்டையும் விட்டு ஓடிவந்தீர்கள். பிறகும் பெயர் மாறியது. நீங்கள் மட்டும் அந்தச் சொல்லை மாற்றவில்லை. உங்கள் பேத்தி அதை நம்பி, தாத்தாவுக்குச் சொந்தமாக விமானக் கம்பெனி இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்தாள்!

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இயக்கம் அடித்து விமானங்கள் எரிந்ததை டிவியில் பார்த்து அழுதீர்கள். கூட இருந்தவர்கள், "அண்ணை, உங்களுக்கு விசரோ? அது அவங்கட பிளேன்" என்றார்கள். "நான் பூட்டின ஆணி ஒண்டும் அதில இல்லை. எண்டாலும் எங்கட" என்றீர்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை, இப்போதும் முழுதாக விளங்கவில்லை.

சமாதான காலத்தில் நாம் அதில் போனது நினைவிருக்கிறதா? விமானக் கதவடியில் நின்ற பணிப்பெண் கைகூப்பிச் சிங்களத்தில் "ஆயுபோவன்" என்றாள். நீங்கள் எல்லோருக்கும் கேட்க, "வணக்கம், தங்கச்சி" என்றீர்கள். நான் பயந்து உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவளோ சிரித்துக்கொண்டு, "வணக்கம், ஐயா" என்றாள்.

அந்தக் கதவுதான் இப்போது என் கண்ணுக்குள் நிற்கிறது. அங்கேயே அந்த நாடு தொடங்கிவிடும். இன்றைக்கும் அப்படிச் சிரிப்பார்களா? கையில் டென்மார்க் பாஸ்போர்ட். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போகலாம், அல்லது டேனிஷில் ஏதாவது முணுமுணுக்கலாம். நீங்கள் என்றால் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்கவே தேவையில்லை.

பெட்டி அடுக்கும்போது உங்கள் பேத்தி வந்தாள். "மோர்ஃபார்ஸ் ஃப்ளூ?" என்றாள். அம்மாவின் அப்பாவுடைய பிளேனா என்று கேட்கிறாள். "ஓம்" என்றேன். "அப்ப ஏன் அம்மா பயப்பிடுறீங்கள்?" என்று அதிசயமாகத் தமிழில் கேட்டாள். நான் பெட்டியைப் பூட்டினேன்.

அப்பா, கதவடியில் வணக்கம் என்றே சொல்லுவேன். இது சத்தியம். ஆனால் உங்களுடைய அந்த மற்றச் சொல்லை இப்போது கேட்காதீர்கள். அக்கா வேலிக்கு வெளியே வந்து என் பக்கத்து சீட்டில் இருக்கட்டும். அன்றைக்குச் சொல்லுகிறேன், எங்கட பிளேன் என்று.

பயந்து பயந்து புறப்படும்
உங்கள் சின்ன மகள்