தூள் பறக்காமல் மூடிய ஜன்னல்

பேத்தியின் காதுகுத்துக்குத் தோடு வாங்க நேற்று இரத்தினபுரிக்குப் போயிருந்தேன். நகைக்கடைக்காரர் சிவப்புத் துணியை விரித்து ஒரு சோடியை வைத்தார். “அசல் கேடியம் நகைங்க ஐயா. ஒட்டுன எடமே தெரியாது” என்றார் பெருமையாக. தோட்டைத் தொடப்போன என் கை தானாகப் பின்வாங்கியது.

கேடியம். கேட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகைக்கு இப்போது அது நற்சான்றிதழாம். அந்தப் பொடியால் நகை ஒட்டிய என் நண்பனே, உனக்கு அது என்னவாக இருந்தது என்று அவருக்கு யார் சொல்வது?

தொண்ணூறுகளில், நான் படிப்பித்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓப்பநாயக்க கடைத்தெருவுக்கு வந்து, நீ வேலை செய்த நகைக்கடைப் பின்னறையின் வாசலில் உட்காருவேன். தீபாவளி அட்வான்ஸ் கிடைத்ததும் தோட்டத்து லய வீடுகளின் பெண்கள் தோடும் மூக்குத்தியும் வாங்க வரிசையாக வருவார்கள். ஒட்டில் கறுப்புத் தெரியக்கூடாது அவர்களுக்கு. முதலாளி புதிதாகக் கேட்மியப் பொடியைக் கொண்டுவந்தது அதற்காகத்தான். நீ விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதுவாய். நகையிலிருந்து மஞ்சள் கலந்த புகை எழும். அடுத்த ஊதலுக்கான மூச்சை அந்தப் புகைக்குள்ளிருந்தே இழுப்பாய்.

அறையின் ஒரே ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது. “கொஞ்சம் காத்து வரட்டுமே” என்று ஒருநாள் சொன்னேன்.

“ஐயோ மாஸ்டர், தூள் பறந்துரும்! ஜன்னல் வழியா பறந்து போறது மூக்குத்தின்னு முதலாளி ஏசுவாரு” என்று சிரித்தாய்.

உதிர்ந்த பொன் தூளையும் விடமாட்டார்கள். தரையைக் கூட்டிய குப்பையை அலசி, பாதரசத்தால் பொன்னைச் சேர்த்து, அதே அறையில் இரும்புச் சட்டியில் காய்ச்சுவாய். பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் சட்டியில் நிற்கும். போன ஆவி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மூடிய அறையில் அது எங்கே போகும்?

பிறகு உன் கை நடுங்கத் தொடங்கியது. வீட்டம்மாவிடம் ஒரு சுடுசொல் பேசாதவன், எரிந்து விழுந்தாய். கேட்டதையே திரும்பக் கேட்டாய். தேநீர்க்கடையில் ஒருவன், “என்னா ஆசாரி, காலையிலயே கசிப்பா? கை தாண்டவமாடுதே!” என்றான்.

“ஆட்டத்த பாத்தீங்கல்ல, அப்ப ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுங்க” என்றாய். கடையே சிரித்தது. கள்ளச்சாராயத்தின் வாடையே ஆகாதவன் நீ. ஆனாலும் குடிகாரன் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. முதலாளியும் அதை மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது அவருக்கு வசதி.

கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டொக்டர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வியே “பொனவாத?” என்பதுதான். குடிக்கிறாயா? “பொனவா டொக்டர், தே விதரய்” என்றாய் நீ. குடிப்பேன், தேத்தண்ணி மட்டும். அவர் சிரிக்கவில்லை, நம்பவுமில்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார். தங்க வேலை செய்கிறவர் என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். “அப்ப காசுக்காரன்தானே” என்றார் பக்கத்தில் நின்ற சிற்றூழியர். உன் வேலையைப் பற்றிப் பேச்சு அவ்வளவுதான்.

சாவு வீட்டில் முதலாளி மாலை போட்டுவிட்டு உன் மனைவியிடமே சொன்னார்: “நல்ல கைகாரன். என்னா செய்ய, தண்ணி கெடுத்திருச்சு.” உன் சவத்துக்கு முன்னால் வைத்தே உன்னைக் குடிகாரனாக்கிவிட்டுப் போனார்கள்.

உன் காரியம் முடிந்த பிறகு நூலகங்களில் உட்கார்ந்து படித்தேன். நான் வைத்தியனில்லை, பிழையாகவும் விளங்கியிருக்கலாம். கேட்மியத்தின் புகை சிறுநீரகத்தில் தங்கி அதை அரிக்கும். பாதரச ஆவி மூளைக்கு ஏறும். கை நடுக்கம், கோபம், மறதி எல்லாம் அதன் வேலை. அந்தப் பாதரசத்தை வெளியேற்ற வேண்டியதும் சிறுநீரகம்தான். அந்தச் சிறுநீரகத்தைத்தான் கேட்மியம் முதலிலேயே தின்றுகொண்டிருந்தது. ஒரு விஷம் மற்றதற்கு வாசலை அடைத்துக் கொடுத்தது. உன் நோயில் எந்த இடத்திலும் சாராயம் இல்லை.

நேற்று அந்தக் கடையில் நான் கேட்டேன்: “இத ஒட்டுற ஆள் எங்க தம்பி உக்காந்திருக்காரு? அங்க ஜன்னல் இருக்கா?”

“பின்னால தாங்க ஐயா. ஜன்னல தொறந்தா தங்கம் பறந்துருமே!”

“என் கூட்டாளி ஒருநாளும் குடிச்சவன் இல்ல” என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது; தோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். உன் முதலாளியிடம் சொல்லவேண்டிய சொல்லை யாரோ ஒருவரிடம் சொல்லிவிட்டு, தோடு வாங்காமல் வெளியே வந்தேன்.

கடைசி நாட்களில் உன் கட்டில் வார்டின் ஓரத்தில் இருந்தது. தலைமாட்டு ஜன்னல் திறந்து கிடக்க, மலைக்காற்று தாராளமாக வந்தது. நீயோ படுக்கை விரிப்பின் மேல் இரண்டு கையையும் குவித்து எதையோ பொத்திப் பாதுகாத்துக்கொண்டிருந்தாய். “ஜன்னல மூடுங்க மாஸ்டர், தூள் பறக்குது. முதலாளி ஏசுவாரு” என்று கெஞ்சினாய்.

நான் மூடவில்லை. உன் குவித்த கைகளின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். அந்த நடுக்கம் இன்னும் என் கையில் இருக்கிறது.