மீதி இரண்டு இழை

அக்கா,

காவேரிப்பட்டினம் போகும் பஸ்சில் இன்று ஒருவர் ஈரம் காயாத கற்றாழை நார்க்கட்டை என் காலடியில் வைத்தார். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் கூடைதான் நினைவுக்கு வந்தது. மழை நாளில் அதுவும் இப்படித்தான் வாடையடிக்கும்.

கென்யாவில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த கணவரை இழந்து ஊர் திரும்பிய நீங்கள், கிருஷ்ணகிரியில் எங்கள் பள்ளிக்குத் தையல் டீச்சராக வந்தீர்கள். நான் கணக்கு டீச்சர், தலைக்கனத்துக்குக் குறைவில்லை. கென்யாவில் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா பின்னிக் கொடுத்த அந்தக் கூடையைப் பள்ளிப் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்து, தையல் மேசையில் வைக்காமல் என் கணக்கு மேசையில் வைத்தீர்கள்.

"அந்தம்மா முதுகுல கொழந்தயக் கட்டிக்கிட்டு நடந்துகிட்டே பின்னுவாங்க டீச்சர். தாளு, பென்சிலு ஒண்ணும் கெடையாது. எல்லாம் மனக்கணக்கு" என்றீர்கள்.

கூடையைச் சுற்றிக் கறுப்பில் எட்டுச் சாய்சதுரங்கள். என் பக்கம் இருந்தவற்றை விரல் வைத்து எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இழை. ஒன்றுக்கு மட்டும் பதின்மூன்று. இன்ஸ்பெக்டரம்மாவும் பிள்ளைகளும் நிற்கும்போதே, "இங்க கணக்கு தப்பிப் போச்சுக்கா. படிக்காதவங்க, பாவம், என்ன பண்ணுவாங்க?" என்று சிரித்தேன்.

கூடையைப் புடவைத் தலைப்பால் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதன் பிறகும் எனக்கென்று டிபன் பாக்சில் ஒரு பங்கு கொண்டுவந்தீர்கள். கூடையை மட்டும் கொண்டுவரவே இல்லை. நான் சொன்னது சரி என்ற நினைப்பில் மன்னிப்பும் கேட்கவில்லை.

உங்களை அடக்கம் செய்த மறுவாரம் உங்கள் மகள் அந்தக் கூடையோடு வந்தாள்.

"அம்மா இத உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க டீச்சர். முழுசாச் சுத்தி எண்ணிப் பாக்கச் சொன்னாங்க."

எண்ணினேன். மொத்தம் தொண்ணூற்றெட்டு இழை. எட்டால் வகுத்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு, மீதி இரண்டு. அந்த இரண்டில் ஒன்றை நான் பார்த்த சாய்சதுரத்திலும், மற்றதை அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் சேர்த்திருந்தார் அந்த அம்மா. பூவேலை ஒரு பக்கமாக இழுக்காமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார். அன்று நான் கூடையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அழுதேன் அக்கா.

இப்போது அது என் வகுப்பு மேசையில் இருக்கிறது. மீதி வரும் வகுத்தலை அதை வைத்துத்தான் தொடங்குகிறேன். போன வாரம் ஒரு பெண் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் பின்னுனவங்க பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அதை உங்களிடம் நான் கேட்டதே இல்லை.